கதவிடுக்கின் கணக்கு: பழைய கார் பாடியைப் பொருத்தும் முறை

காரின் கதவு, பானெட், டிக்கி மூன்றும் திறந்து மூடுபவை என்பதால் அவற்றைச் சுற்றி ஒரு சந்து இருந்தே தீரும். சந்து குறைந்தால் கதவு திறக்கும்போது விளிம்பு உரசிப் பெயிண்ட் உரியும். கூடினால் மழைநீரும் புழுதியும் உள்ளே வரும், வேகம் எடுத்ததும் காற்று ஊளையிடும். இன்றைய கார்களில் இந்த இடைவெளி பெரும்பாலும் 3 முதல் 4 மில்லிமீட்டர். 1950, 60களில் வந்த கார்களில் 5, 6 மில்லிமீட்டர் சாதாரணம். ஒரே கதவின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் ஒரு மில்லிமீட்டர் வேறுபாட்டோடு புதுக் கார் ஆலையை விட்டு வெளியே வந்ததும் உண்டு. அரை நூற்றாண்டு ஓட்டத்துக்கும் இரண்டு மூன்று டிங்கரிங் வேலைகளுக்கும் பிறகு அந்த வேறுபாடு விரல் நுழையும் அளவுக்கு வளர்ந்திருக்கும்.

பழைய காரைப் புதுப்பிக்கும் எவரும் மூன்று கேள்விகளைச் சந்தித்தாக வேண்டும். இடைவெளி ஏன் கோணியது, எங்கே கைவைத்துத் திருத்துவது, எந்த அளவோடு நிறுத்துவது. முதல் கேள்விக்கு விடை தெரியாமலே இரண்டாவதில் இறங்குவதால்தான் பட்டறைகளில் நேரமும் தகடும் வீணாகின்றன. கதவு உரசுகிறது என்று கதவின் விளிம்பைத் தட்டுவதும், லாக் பிடிக்கவில்லை என்று கொண்டியை நகர்த்துவதும் வழக்கம். கோணல் அடியில் இருக்கும்போது இவை ஒன்றும் பலிக்காது. வேலூர்-திருவண்ணாமலைச் சாலையிலுள்ள கண்ணமங்கலத்துப் பட்டு நெசவாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: பாவு சுற்றிய மரமும் துணி சுருட்டும் மரமும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்காவிட்டால் சேலை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும், கரையில் என்ன பாடுபட்டாலும் நேராகாது, தறியைத்தான் மட்டம் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இன்று புதுப்பிக்கப்படும் பழைய கார்களில் பெரும்பங்கு மூன்று குடும்பங்களைச் சேர்ந்தவை. வங்காளத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 வரை செய்த அம்பாசடர் ஒன்று. பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் செய்து, பின்னாளில் பத்மினி என்று பெயர் பெற்ற ஃபியட் 1100 இன்னொன்று. மூன்றாவது, சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா செய்த ஸ்டாண்டர்டு கார்கள். முதல் இரண்டிலும் தனிச் சேஸிஸ் கிடையாது. தளத் தகடு, கதவுக்கடியில் ஓடும் ரன்னிங் போர்டுப் பெட்டி, பில்லர்கள், டாப் எல்லாம் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, அந்தக் கூடே எடையைத் தாங்குகிறது. ரன்னிங் போர்டுக்குள் துரு ஏறினால் கூட்டின் முதுகெலும்பே நொந்துபோகிறது. கதவு வாயின் வடிவம் மாறுகிறது. 1953-ல் வந்த முதல் ஃபியட் 1100-103 வகையில் முன்கதவும் பின்கதவும் நடு பில்லரிலேயே தொங்கின. அத்தகைய கார்களில் அந்த ஒரு பில்லர் சற்றே சாய்ந்தால் இரண்டு கதவும் சேர்ந்து கெடும், ஒன்றைத் திருத்தினால் மற்றது பிசகும்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டின் கதை வேறு. இந்தக் கட்டுரையின் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான கார் இந்தியாவில் ஓடியதில்லை. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனம் 1950களின் நடுவில் புதிய சிறிய காரைத் திட்டமிட்டபோது, அந்த நிறுவனத்துக்குப் பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ 1953-லேயே போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் கைக்குப் போயிருந்தது. முழுக் கூட்டை ஒரே இடத்தில் அச்சடித்துத் தர ஆள் இல்லை. எனவே பாடியைப் பல துண்டுகளாகப் பிரித்து, வெவ்வேறு இடங்களில் செய்து, தனிச் சேஸிஸ் மேல் போல்ட் போட்டு இணைப்பது என்று முடிவானது. வடிவம் இத்தாலியர் ஜொவானி மிக்கெலொட்டியுடையது. 1959-ல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு, 1961 முதல் ஸ்டாண்டர்டு என்ற பெயரோடு சென்னையில் செய்யப்பட்டது. பிற்பாடு இங்கே அதற்கு நான்கு கதவு வைத்தார்கள். 1971-ல் அதன் இடத்துக்கு கஸெல் என்ற மாடல் வந்தது. எஞ்சின் கடைசி வரை 948 சிசிதான்.

துண்டு துண்டான அந்தப் பாடியில் ஃபயர்வாலும் முன்தளமும் சேர்ந்தது ஒரு பகுதி. பின்தளமும் பின்சக்கர வளைவுகளும் சேர்ந்தது இன்னொன்று. இரண்டும் இருக்கைக்கடியில் ஒரு வரிசைப் போல்ட்டுகளால் சேர்கின்றன. டாப் தனியாக வந்து மேலே போல்ட்டில் உட்காரும். ரன்னிங் போர்டு வெளியிலிருந்து போல்ட் போட்ட வெறும் மூடி, எடை தாங்குவதில்லை. மட்கார்டு இரண்டும் சேர்ந்த பானெட் முழுதுமாக முன்பக்கக் கீலில் கவிழ்ந்து திறக்கும். சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் இரும்புக் கைகளின் நுனியில் பாடி உட்காருகிறது. இடையே பேக்கிங் துண்டுகள். இத்தனை இணைப்பிலும் ஆளுக்கு அரை மில்லிமீட்டர் பிசகினால் எல்லாம் கூடிக் கதவோரத்தில் வந்து நிற்கும். பழுது பார்ப்பதற்கு இதைவிட எளிய பாடி இல்லை, ஒழுங்காகச் சேர்ப்பதற்கு இதைவிடத் தொல்லையான பாடியும் இல்லை. ஒரு காரின் கதவை இன்னொன்றில் மாட்டினால் அப்படியே பொருந்தும் என்று நம்பக் கூடாது. ஆலையில் ஒவ்வொரு காரையும் ஆள் நின்று கைவேலையாகத்தான் பொருத்தினார்கள்.

கோணலைப் படிக்கும் முறை எளியது, ஆனால் பொறுமை வேண்டும். கார் சமதளத்தில், நான்கு டயரிலும் சரியான காற்றோடு, எஞ்சின் இருக்கும் நிலையில் நிற்க வேண்டும். எஞ்சின் இறக்கப்பட்ட காரில் எடுத்த அளவு, எஞ்சின் ஏறியதும் மாறிவிடும். இடைவெளியை அளக்கத் தனிக் கருவி வேண்டியதில்லை. 4, 5, 6 மில்லிமீட்டர் டிரில் பிட்டுகளின் வழவழப்பான தண்டுப் பகுதியை விளிம்பு நெடுக ஓட்டிப் பார்த்து, எது எந்த இடத்தில் நுழைகிறது என்று தகட்டிலேயே சாக்பீஸால் எழுதிவிடலாம். கதவைச் சுற்றி எட்டு இடத்தில் எழுதினால் அதன் நிலை முழுதாகத் தெரிந்துவிடும்.

முன்பக்கம் கீல் உள்ள கதவின் பின்விளிம்பில், மேலே சந்து குறுகியும் கீழே அகன்றும் இருந்தால் கதவு பின்னால் தொங்கிவிட்டது என்றே எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மையாக இருக்கலாம். அதே கதவின் முன்விளிம்பையும் பார்க்க வேண்டும். அங்கே இதற்கு நேர்மாறாக, மேலே அகன்றும் கீழே குறுகியும் இருந்தால் கதவே கீலில் சுழன்று இறங்கியிருக்கிறது. கீலின் பின் தேய்ந்திருக்கும் அல்லது கீல் உட்காரும் தகடு கிழிந்திருக்கும். முன்விளிம்பு ஒழுங்காக இருந்து பின்விளிம்பு மட்டும் கோணியிருந்தால் கீலில் குற்றமில்லை. கார் நடுவில் தொய்ந்து, முன் பில்லரும் பின் பில்லரும் மேலே ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்திருக்கின்றன. கதவு முன் பில்லரோடு சேர்ந்தே சாய்வதால் முன்சந்து மாறுவதில்லை. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காமல் நல்ல கீலை வளைத்துப் பாழாக்கிய கார்கள் ஏராளம்.

சந்தேகம் இருந்தால் இரண்டு சோதனைகள் உண்டு. கதவை ஓர் அடி திறந்து, பின்முனையை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கினால், ஆட்டம் கீல் முட்டியில் தெரிகிறதா, பில்லர் தகடே சேர்ந்து அசைகிறதா என்று கண்ணுக்குத் தெரியும். பில்லர் அசைந்தால் துரு உள்ளே இருக்கிறது. அடுத்தது ஜாக்கிச் சோதனை: ரன்னிங் போர்டின் நடுவில், மரக்கட்டை வைத்து மெதுவாகத் தூக்கும்போது பின்விளிம்பின் மேல்சந்து தெளிவாக விரிந்துகொண்டே போனால் பாடி வலுவிழந்திருக்கிறது. திறந்த டாப் கார்களில் நல்ல நிலையிலும் கொஞ்சம் விரியும். மூடிய டாப் காரில் அப்படி விரியக் கூடாது. ஹெரால்டில் இருக்கைக்கடிப் போல்ட்டுகள் தளர்ந்திருந்தாலும், சேஸிஸின் பக்கக் கைகள் துருவில் மெலிந்து மடிந்திருந்தாலும் இதே அறிகுறி காட்டும்.

திருத்தும் வேலை கீழிருந்து மேலாகவும் பின்னிருந்து முன்னாகவும் போகிறது. முதலில் சேஸிஸ் அல்லது தளம். நான்கு ஸ்டாண்டு மேல் ஏற்றி, ரசமட்டம் பார்த்து, தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி குறித்து, குறுக்கு அளவுகள் இரண்டும் ஒன்றாக வருகின்றனவா என்று பார்க்கிறார்கள். பட்டறைத் தரையே சரிவாக இருந்தால் அந்த அளவுக்கு அர்த்தமில்லை. ரன்னிங் போர்டையோ தளத்தையோ வெட்டி மாற்றுவதாக இருந்தால், வெட்டுவதற்கு முன்பே கதவு வாயின் குறுக்கே இரும்புக் கம்பியோ ஆங்கிளோ பற்றவைத்து வடிவத்தைப் பூட்டிவிட வேண்டும். இதைச் செய்யாமல் வெட்டிய காரை மறுபடி நேர்செய்வது புதிதாகச் செய்வதைவிடக் கடினம். வெல்டிங் சூட்டில் தகடு இழுத்துக்கொள்ளும் என்பதால் நீளமாக ஓட்டாமல் சிறு சிறு டேக்காக, இடம் மாற்றி மாற்றி, ஆற விட்டு வைக்க வேண்டும். கேஸ் வெல்டிங்கில் இந்த ஆபத்து அதிகம்.

அடித்தளம் நேரானபின் கதவு. நான்கு கதவுக் காரில் பின்கதவுதான் முதலில். அதன் பின்பக்கத்தில் இருக்கும் மட்கார்டு பாடியோடு பற்றவைக்கப்பட்ட அசையாத தகடு. எனவே அதற்கு ஏற்பப் பின்கதவு, பின்கதவுக்கு ஏற்ப முன்கதவு, முன்கதவுக்கு ஏற்ப முன் மட்கார்டு, அப்புறம்தான் பானெட், கடைசியாக கிரில். அழகாகத் தெரியும் முன்பக்கத்திலிருந்து தொடங்கினால் எல்லாப் பிழையும் பின்னால் தள்ளப்பட்டு, அசைக்க முடியாத மட்கார்டில் போய் முட்டும். இந்த வேலை நடக்கும்போது பில்லரில் இருக்கும் லாக் கொண்டியைக் கழற்றி வைத்துவிட வேண்டும். அது இருந்தால் மூடும்போது கதவைத் தூக்கி உட்கார வைத்து, உண்மை நிலையை மறைத்துவிடும். கதவு கொண்டியில்லாமலே சரியான இடத்தில் நின்ற பிறகு, அந்த நிலையை மாற்றாத மட்டத்தில் கொண்டியைப் பொருத்துவதே முறை.

கீலில் செய்யக்கூடியவை மூன்று. தேய்ந்த பின்னையும் புஷ்ஷையும் மாற்றலாம். கீலுக்கும் பில்லருக்கும் இடையே தகட்டுத் துண்டு வைத்தோ எடுத்தோ கதவை முன்னே பின்னே தள்ளலாம். போல்ட் துளையின் இடம் கொடுக்கும் அளவுக்கு மேலே கீழே நகர்த்தலாம். கண்ணமங்கலம் போன்ற ஊரில் இருக்கும் காருக்கு முதல் வேலையே சுலபம். பழைய காரின் கீல் பின் கடையில் கிடைக்காது, ஆனால் ஆரணி, வேலூர்ப் பக்கத்து லேத் பட்டறையில் அளவு சொல்லிக் கடைந்து வாங்கலாம். கதவு வெளியே துருத்தியோ உள்ளே புதைந்தோ இருப்பது சந்தின் கணக்கில் வராத தனிப் பிரச்சினை. நான்கு பக்கமும் சந்து ஒரே அளவாக இருந்தும், கதவுத் தகடு மட்கார்டைவிட இரண்டு மில்லிமீட்டர் மேலே நின்றால் கண் உடனே பிடித்துவிடும். அனுபவமுள்ள டிங்கர் இதைக் கையால் பார்க்கிறார்: மெல்லிய துணி மேல் உள்ளங்கையை வைத்து மட்கார்டிலிருந்து கதவுக்கு ஓட்டுகிறார். டியூப் லைட்டின் பிரதிபலிப்பு இரண்டு தகட்டிலும் உடையாமல் ஓடுகிறதா என்பது இன்னொரு நல்ல சோதனை. ஈரத் தகட்டில் அது இன்னும் நன்றாகத் தெரியும்.

ஹெரால்டில் கீலைத் தொடுவதற்கு முன்பே பாதி வேலை பேக்கிங்கில் முடிந்துவிடுகிறது. விதி ஒன்றுதான்: நடு மவுண்ட்டுகளில் பேக்கிங் கூட்டினால் கதவு வாயின் மேல்பகுதி விரியும், முன், பின் முனை மவுண்ட்டுகளில் கூட்டினால் சுருங்கும். ஒரு மவுண்ட்டில் துண்டு வைத்தால் மற்ற மூன்று இடத்தில் அளவு மாறும் என்பதால், ஒவ்வொரு தடவையும் எட்டு இடத்திலும் டிரில் பிட் நுழைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. டாப்பைக் கழற்றி வைத்துக்கொண்டு கதவு பொருத்தக் கூடாது. டாப் ஏறி போல்ட் இறுகும்போது பில்லர்கள் இடம் மாறும். பானெட் கடைசி. அதன் முன்கீலில் உயரத்துக்கும் நீளத்துக்கும் தனித்தனி இடம் உண்டு. பின்னால் ஃபயர்வாலில் உட்காரும் ரப்பர் முட்டுகளைத் திருகி ஏற்றி இறக்கலாம். பானெட்டுக்கும் கதவுக்கும் இடையிலான நெட்டுச் சந்துதான் ஹெரால்டின் முகத்தையே தீர்மானிக்கிறது. அது நேராக இருந்தால் மற்ற குறைகளைக் கண் மன்னித்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் சந்து ஒழுங்காகாவிட்டால் மட்டுமே தகட்டு விளிம்பில் கைவைக்க வேண்டும். அகலமான இடத்தில் விளிம்பு நெடுக வெல்டிங் கம்பியை உருக்கி ஏற்றி, ஆறியபின் அரத்தால் ராவி இறக்குகிறார்கள். குறுகிய இடத்தில் மடிப்பை டாலி வைத்துத் தட்டி உள்வாங்குகிறார்கள். அங்கே ராவினால் மடிப்பு திறந்துகொள்ளும். பட்டி வைத்து விளிம்பைக் கட்டுவது எளிய வழி, மோசமான வழியும் கூட. கதவு பத்து நாள் அறைந்து மூடப்பட்டால் விளிம்புப் பட்டி விண்டு விழும். பட்டி, தகட்டின் நடுப்பரப்பில் மெல்லிய பூச்சாக இருக்க வேண்டியது. அந்தக் காலத்து ஆலைகள் இணைப்புகளை ஈயமும் தகரமும் கலந்த சால்டரால் நிரப்பின. அது விளிம்பிலும் நிற்கும். ஆனால் அதைக் கிரைண்டரில் தேய்த்தால் கிளம்பும் தூள் விஷம். அரத்தால் மட்டுமே ராவ வேண்டும், முகமூடியும் கட்ட வேண்டும்.

பெயிண்ட் அடிக்கும் முன் முழுக் காரையும் ஒருமுறை கோத்துப் பார்ப்பதை மிச்சம் பிடிக்கிறவர்கள் பிறகு இரட்டிப்பாகச் செலவழிக்கிறார்கள். கண்ணாடி, லாக், கைப்பிடி எல்லாம் ஏறியபின்தான் கதவின் உண்மையான எடை கீலில் விழும். வெறுங்கதவில் சரியாக இருந்தது கண்ணாடி ஏறியதும் இறங்கலாம். புது ரப்பர் பீடிங் இதைவிட ஏமாற்றும். பழைய அளவு கிடைக்காமல் தடித்த பீடிங்கை ஒட்டினால் கதவு வெளியே தள்ளி நிற்கும்; அதைத் தகட்டுக் கோணல் என்று நினைத்து மறுபடி டிங்கரிங் செய்கிறவர்களும் உண்டு. பீடிங்குக்கும் கதவுக்கும் நடுவே காகிதத் துண்டு வைத்து மூடி இழுத்தால், எங்கே இறுகுகிறது, எங்கே காற்று போகும் என்று தெரிந்துவிடும். பெயிண்டுக்கும் இடம் விட வேண்டும். பிரைமர் முதல் மேல்பூச்சு வரை ஒரு விளிம்பில் கால் மில்லிமீட்டர் வரை ஏறக்கூடும். சந்துக்கு இரண்டு விளிம்பு என்பதால் அரை மில்லிமீட்டர் குறைந்துவிடும். அதனால் தேர்ந்த டிங்கர் வெறுந்தகட்டில் சற்று அகலமாகவே விடுகிறார்.

தகட்டு யுகத்துக்கு முந்தைய மரச்சட்டப் பாடிகளுக்கு வேறு நியாயம். 1840-ல் தொடங்கிக் குதிரை வண்டிகளிலிருந்து மோட்டார் பாடிக்கு வந்த சென்னை சிம்ப்சன் போன்ற நிறுவனங்களின் காலத்தில், கதவு என்பது மரச்சட்டத்தின் மேல் மூடிய தகடு. மழைக்காலத்தில் மரம் உப்பும், கோடையில் சுருங்கும். அங்கே திருத்தம் தச்சனுடையது.

எந்த அளவோடு நிறுத்துவது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ஒரு சாரார் இன்றைய காரைப் போல எல்லாச் சந்துகளையும் 4 மில்லிமீட்டருக்குக் கொண்டுவருகிறார்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். பெருங்களத்தூரிலிருந்து எந்த ஹெரால்டும் அப்படி வெளியே வந்ததில்லை என்பதும் உண்மை. ஆலை விட்ட சிறு ஒழுங்கின்மையையும் காத்து வைப்பதே புதுப்பித்தல் என்பது இன்னொரு சாராரின் வாதம், அதற்கே வலு அதிகம். விளிம்புகளை ராவி ஏற்றி இறக்கிச் செய்த துல்லியம் மூலத் தகட்டை அழித்தே கிடைக்கிறது; ஓட்டத்தில் பாடி நெளியும் பழைய காரில் 4 மில்லிமீட்டர் சந்து உரசவும் செய்யும். இரு பக்கமும் ஒத்திருப்பதும், ஒரே சந்து நெடுக அளவு திடீரென்று மாறாமல் இருப்பதும் போதுமான இலக்கு. சட்டமும் ஏறத்தாழ இந்தப் பக்கம்தான். 2021 ஜூலையில் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வணிகமல்லாத வாகனங்களை விண்டேஜ் என்று தனியாகப் பதிய இடம் தருகின்றன. சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவில் வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்தாண்டு செல்லுபடி, அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. 1960களின் ஹெரால்டு எல்லாமே இந்த வயதைத் தாண்டிவிட்டன.

உதிரித் தகடு கிடைப்பதும் இந்த முடிவைப் பாதிக்கிறது. சென்னை புதுப்பேட்டையில் தேடினால் பழைய கதவோ பானெட்டோ சில சமயம் கைக்கு வரும். வெளிநாட்டில் புதிதாக அச்சடித்த தகடுகளும் வாங்கலாம். ஆனால் இரண்டு கதவு ஆங்கிலேய டிரையம்புக்குச் செய்த கதவு, இங்கே செய்த நான்கு கதவு ஹெரால்டுக்குப் பயன்படாது. அந்தக் கார்களில் இருக்கிற கதவைக் காப்பாற்றுவதே வழி. கதவின் அடிமடிப்பில் நீர் வடியும் துளைகள் அடைபட்டு அங்கிருந்துதான் துரு தொடங்குகிறது. ஆண்டுக்கு ஒருமுறை அந்தத் துளைகளைக் குத்தி விட்டாலே பல கதவுகள் பிழைத்திருக்கும்.

பொருத்தி முடித்த காரில் புது பேக்கிங்கும் ரப்பரும் அமுங்கி உட்காரக் கொஞ்சம் ஓட்டம் வேண்டும். வேலூர்-திருவண்ணாமலைச் சாலையில் கண்ணமங்கலம் வழியாகச் சில நூறு கிலோமீட்டர் போய்வந்தாலே போதும். அதற்குப் பிறகு பாடி மவுண்ட் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கி, எட்டு இடத்திலும் மறுபடி அளந்து, கடைசியாக லாக் கொண்டியை அரை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்துகிறார்கள்.